மச்சான் கணக்கில் ஓடும் கடைகள்

மும்பையில் தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி அவித்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், சயான் கோலிவாடாவில் மளிகை வைத்திருக்கும் அண்ணாச்சி, மாட்டுங்காவில் பூ விற்கிற அக்கா, டோம்பிவிலி ஃப்ளாட்டில் மாவு அரைத்து சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் விற்கிற அம்மா என்று எல்லாரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. ஒருநாள் ஸ்கேன் செய்யும்போது திரையில் வருகிற பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பல இடங்களில் அது கடைக்காரர் பெயராக இருக்காது. மச்சான் பெயர் வரும், வீட்டுக்காரர் பெயர் வரும், காலேஜுக்குப் போகும் மகன் பெயர் வரும். ஊருக்கே திரும்பிப் போய்விட்ட பழைய பார்ட்னர் பெயர்கூட வரும்!

கேட்டால் ஒரே பதில்தான். "பணம் வந்தா போதும் சார், யார் பேருல வந்தா என்ன? எல்லாம் ஒரே குடும்பம்தானே."

இருபது வருஷமாக பேங்க் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது நம் ஜனங்களுக்குச் செய்கிற கெடுதலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும், அது மாவு விற்பதாக இருந்தாலும் சரி, அவரவர் பெயரில், சம்பாதிக்கிற ஊரிலேயே, தொழிலுக்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். அது இல்லாமல் பத்து வருஷம் உழைத்தாலும், உழைத்ததற்கு ஊரில் சாட்சி கிடையாது.

(கரண்ட் அக்கவுண்ட் என்றதும் "கரண்ட் பில் கட்டுறதா தம்பி?" என்று கேட்ட பாட்டி உண்டு. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. தெரிந்தும் திறக்காதவர்கள் மேல்தான் கோபம்.)

சாட்சி என்று ஏன் சொல்கிறேன்? ஒரு கதை கேளுங்கள். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நெல்லைப் பக்கத்துக்காரர். டீயும் வடையும் விற்கும் தள்ளுவண்டி. மும்பைக்கு வந்த புதிதில் கையில் உள்ளூர் முகவரிச் சான்று எதுவும் இல்லை. அக்கா வீட்டுக்காரர் முன்பே இங்கே வந்து வேரூன்றியவர். "என் கணக்குல வாங்கிக்கடா மாப்ள" என்றார். க்யூஆர் மாட்டியாகிவிட்டது. மச்சான் தங்கமான மனுஷன். மாசாமாசம் பைசா குறையாமல் எடுத்துக் கொடுப்பார். இவரும், "கொஞ்சம் அங்கேயே கிடக்கட்டும் மச்சான், கடை அட்வான்சுக்கு ஆகும்" என்று விட்டுவைத்தார். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

ஒருநாள் காலையில் மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கணக்கு அவர் பெயரில். நாமினி அவர் மனைவி. பேங்க் நாமினியிடம்தான் கொடுக்கும், கொடுத்தது. அக்காவுக்கோ வாசலில் கடன்காரர்கள், வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். "இதுல உன் பணம் எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்டா?" என்று கேட்டார். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் அன்றன்றைய விற்பனை பென்சிலில். "சார், நீங்கதான் சாட்சி. எல்லாம் என் வண்டியில வந்த பணம்" என்று என் முன்னால் வந்து நின்றார். கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கை மேலும் கீழும் பார்த்தேன். அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. நான் என்ன சாட்சி சொல்ல?

இன்றைக்கு அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே குடும்பம்தானே என்கிறவர்கள் இதை யோசியுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்திருந்தால் அந்தக் குடும்பம் இன்றும் ஒரே குடும்பமாக இருந்திருக்கும்.

அடுத்தது, படித்த குடும்பங்கள். நாங்கள் எல்லாம் அப்படியில்லை என்று யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். கணவர் ஐடி கம்பெனியில். மனைவி வீட்டிலிருந்தே மாவு, முறுக்கு, பொடி வகைகள், புடவை, பரதநாட்டிய வகுப்பு என்று ஏதோ ஒன்று செய்கிறார். நன்றாகவே ஓடுகிறது. பணம் மட்டும் கணவரின் சம்பளக் கணக்குக்குப் போகிறது. "ஹோம் லோன் இஎம்ஐ அதுலதான் சார் போகுது, வசதி" என்கிறார்கள்.

யாருக்கு வசதி? அந்தம்மா நாளைக்குப் பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பான் எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தினமும் அதிகாலையில் எழுந்து அரைத்த மாவு முழுக்க அவர் கணவரின் வரவாக நிற்கிறது. வரி விஷயத்திலும் இது புத்திசாலித்தனம் இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி கிடையாது. மனைவியின் தொழில் வருமானம் அவர் பெயரில் வந்து, அவர் கணக்கு காட்டினால், பெரும்பாலான வீடுகளில் அதற்கு வரியே வராது. அதைக் கொண்டுபோய் 30 சதவீதத்தில் இருக்கும் கணவரின் கணக்கில் கொட்டுகிறோம். கணக்கு யார் பெயரில் என்பதை மட்டும் வைத்து வரி போடுவதில்லைதான். ஆனால் நோட்டீஸ் வந்தால் முதல் கேள்வி, "உங்கள் கணக்கில் வந்த இந்தப் பணம் எது?" என்பதுதான். பதில் சொல்ல வேண்டியவர் கணவர்!

சரி, நம்மவர்கள் சொல்கிற சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சேவிங்ஸ்ல வட்டி வருது, கரண்ட்ல வராது."

உண்மைதான். நடப்புக் கணக்குக்கு வட்டி கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் எவ்வளவு வட்டியை இழக்கிறீர்கள் என்று கூட்டிப் பார்த்தீர்களா? 2025 ஜூனில் பெரிய வங்கிகள் பலவும் சேமிப்பு வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கின. வருஷம் முழுக்கச் சராசரியாக 40,000 ரூபாய் கிடந்தால் 1,000 ரூபாய் வரும். ஒரு நாள் கடையை மூடினால் போகிற காசு. அதோடு, வியாபார நிறுவனங்களின் பெயரில் சேமிப்புக் கணக்கு திறக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். தனிநபர் கணக்கில் கடை ஓடுவதை பேங்க் கண்டுகொள்ளாத வரை சரி. கண்டுகொண்ட அன்று கேள்வி வரும்.

"வரித்துறைக்குத் தெரிஞ்சுடும்."

ஐயா, அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். 2016-இல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் ரூபாய் ரொக்கம் விழுந்தால் வங்கி வருமான வரித்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றது. நடப்புக் கணக்குக்கு அது வைத்த எல்லை 50 லட்சம். ஏன் இந்த வித்தியாசம்? கடைக்காரனிடம் ரொக்கம் புரளும் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். சேமிப்புக் கணக்கில் புரண்டால்தான் புருவத்தை உயர்த்தும். எதைக் கண்டு பயந்து ஓடுகிறோமோ அதன் மடியிலேயே போய் உட்காருகிறோம்.

2025 ஜூலையில் பெங்களூரில் நடந்தது ஞாபகம் இருக்கும். கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரிக்காரர், காய்கறிக்காரர் எல்லாரும் ஆடிப்போனார்கள். பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். பதிவு செய்துகொள்ளுங்கள், பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று முதல்வர் சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. அப்போது பல கடைக்காரர்கள் சொன்னது என்ன? "இதில் பாதி விற்பனையே இல்லை. நண்பனிடம் கைமாற்று வாங்கியது, தம்பி அனுப்பியது, எல்லாம் சேர்ந்து கிடக்கிறது." அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். எது விற்பனை, எது கைமாற்று என்று நாலு வருஷத்துப் பட்டியலில் வரிவரியாகப் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழுந்தது? தனிக் கணக்கு இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அங்கே வந்தது விற்பனை, வீட்டுக் கணக்கில் வந்தது வீட்டு விஷயம். சரக்கு விற்கிறவருக்கு வருஷம் 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் என்ற ஜிஎஸ்டி எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதும் கண்முன்னே தெரியும். இன்னொன்று, சிறு வியாபாரிகளுக்கான அனுமான வரி முறையில் ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்ட வேண்டும். பேங்க் வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் போதும். சட்டமே சலுகை கொடுக்கிறது, நாம் ஒளிந்துகொண்டு நிற்கிறோம்.

"கடனா? அதுக்குத்தான் தண்டல்காரர் இருக்காரே."

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. தண்டலில் 9,000 ரூபாய் கையில் வாங்கி, தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்டுகிறீர்கள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம்தான் உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு 80 சதவீதத்துக்குப் பக்கம்.

பேங்கில் என்ன முறை? நாயக் கமிட்டி 1992-இல் சொன்ன சூத்திரம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சிறு தொழிலுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் நடைமுறை மூலதனமாகக் கொடுக்கலாம். 30 லட்சம் விற்பனை என்றால் 6 லட்சம். முத்ரா கடனும் இருக்கிறது, சிறுசு முதல் பெருசு வரை. ஆனால் 30 லட்சம் விற்பனை என்று நீங்கள் வாயால் சொன்னால் போதுமா? நான் நம்புவேன். என் மேலதிகாரி நம்ப மாட்டார், அவருக்கு மேலே இருக்கிற கம்ப்யூட்டர் நம்பவே நம்பாது. அது கேட்பது உங்கள் பெயரில் இருக்கும் கணக்கின் ஒரு வருஷ வரவு செலவைத்தான். அந்த வரவு முழுக்க மச்சான் பெயரில் இருந்தால் கடன் வாங்கும் தகுதி மச்சானுக்குப் போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் இப்போது சேர்ந்திருக்கிறது. இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930-க்குப் புகார் செய்ததும், அந்தப் பணம் போன வழியில் இருக்கிற கணக்குகளை எல்லாம் முடக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. மோசடிக்காரன் உங்கள் கடையில் 60 ரூபாய்க்கு இட்லி சாப்பிட்டு யுபிஐயில் கட்டியிருந்தாலும் அந்த வலையில் உங்கள் கணக்கு மாட்டலாம். அது கடைக் கணக்காக மட்டும் இருந்தால் கடைப் பணம் சில நாள் நிற்கும், எழுதிக் கொடுத்து மீட்கலாம். வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீசும் அதே கணக்கில் இருந்தால்? இல்லை, அது மச்சானின் சம்பளக் கணக்காக இருந்தால்? அவர் வீட்டு அடுப்பும் சேர்ந்து அணையும்.

இப்போது எங்கள் ஆட்கள் பக்கம் வருகிறேன். அவர்களை மட்டும் விட்டுவிட்டால் நியாயமில்லை.

கடைக்காரர் பயந்துகொண்டே பேங்க் படியேறுகிறார். ஹிந்தி தடுமாறுகிறது. டேபிளில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஜிஎஸ்டி சர்டிஃபிகேட்? ஷாப் அக்ரிமெண்ட்? இல்லையா? அப்புறம் வா" என்று அனுப்பிவிடுகிறார். தப்பித் தவறி கணக்கு திறந்துவிட்டால் கூடவே ஒரு இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டுகிறார்கள். இந்த இரண்டுமே அயோக்கியத்தனம். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்கிறார்கள் என்பதால் வேறு பெயர் வைக்க முடியாது.

விதி என்ன சொல்கிறது தெரியுமா? தனி உரிமையாளர் கடைக்கு, உரிமையாளரின் சொந்தக் கேஒய்சியோடு, கடை நடப்பதற்கு இரண்டு ஆதாரங்கள் கேட்கலாம். உத்யம் பதிவு, கடைச் சட்டப் பதிவு, ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன், கடைப் பெயரில் மின்சார பில் என்று பட்டியல் இருக்கிறது. ஜிஎஸ்டி அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான், கட்டாயம் இல்லை. இரண்டு கொடுக்க முடியாத நிலை என்று வங்கிக்குத் திருப்தியானால் ஒன்றை வைத்துக்கொண்டே, நேரில் வந்து கடையைப் பார்த்துக் கணக்கு திறக்கலாம் என்றும் அதே ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. இந்த வரியை எத்தனை கிளைகளில் வாசித்திருக்கிறார்கள்? கேஒய்சி விண்ணப்பத்தை யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2025-இல் ஒரு வரியும் சேர்த்தார்கள். அதனால் "அப்புறம் வா" என்று சொன்னால், "காரணத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதிப் பேர் உட்காரச் சொல்வார்கள். :-) பிறகும் அசையவில்லை என்றால் வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார்.

உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்தது. ஆதாரை வைத்து இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம், சல்லிக்காசு கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது இல்லை. மும்பையில் குமாஸ்தா லைசென்ஸ் என்று சொல்வோமே, சின்னக் கடைக்கு இப்போது இணையத்தில் அறிவிப்பு கொடுத்தாலே ரசீது வந்துவிடுகிறது. இந்த இரண்டும் கையில் இருந்தால் பெரும்பாலான கிளைகளில் வேலை முடியும்.

குறைந்தபட்ச இருப்பு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஸ்டேட் பேங்க் 2020-இல் சேமிப்புக் கணக்குக்கு அதை நீக்கியது, கனரா வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியும் 2025-இல் நீக்கின. தள்ளுவண்டிக்காரரின் நடப்புக் கணக்கு வரை அந்தக் கருணை நீளவில்லை. இருப்பு குறைந்தால் அபராதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாசம் பத்தாயிரம் சம்பாதிக்கிறவரும் பத்து லட்சம் சம்பாதிக்கிறவரும் கடை என்ற ஒரே காரணத்துக்காக ஒரே மாதிரிக் கட்டணம் கட்டுவது என்ன நீதி? சிறு கடைக்கென்று இருப்பு நிபந்தனை இல்லாத அடிப்படை நடப்புக் கணக்கு ஒன்று வரத்தான் வேண்டும். அது வரும் வரை நீங்கள் செய்யக்கூடியது, கையெழுத்துப் போடும் முன் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்குவது. குறைந்த இருப்பு, மாதம் எவ்வளவு ரொக்கம் வரை இலவசமாகக் கட்டலாம், செக் புத்தகத்துக்கு எவ்வளவு என்ற மூன்றையும் இரண்டு மூன்று பேங்கில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். புடவை எடுக்க ஏழு கடை ஏறி இறங்குகிறோம், இதற்கு மூன்று ஏறினால் கால் தேய்ந்துவிடாது.

திறந்த பிறகு எப்படி நடத்துவது? பி.காம். முதல் வருஷம் முதல் பாடமே அதுதான்: முதலாளி வேறு, கடை வேறு. கல்லாவிலிருந்து முதலாளி நூறு ரூபாய் எடுத்தாலும் அதை எடுப்பு என்று எழுத வேண்டும். அன்றைக்குத் தூக்கத்தில் கேட்ட பாடத்தை இன்றைக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

க்யூஆரைக் கடைக் கணக்கோடு இணையுங்கள். ரொக்க விற்பனையையும் வாரம் இரண்டு தடவையாவது கட்டுங்கள். மாசம் ஒரே தேதியில், சம்பளம் மாதிரி, ஒரே தொகையை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி அதில் வீட்டை நடத்துங்கள். செக் கொடுத்தால் பணம் இருக்க வேண்டும். திரும்பினால், நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்கிறது சட்டம். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை தண்டல்காரரிடம் கொடுத்துவைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தனி உரிமையாளர் கணக்குக்கும் நாமினி போடலாம், 2025 நவம்பர் முதல் நாலு பேர் வரை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

கும்பகோணத்தில் 1904-இல், கரூரில் 1916-இல், தூத்துக்குடியில் 1921-இல் நம் ஊர்க்காரர்களே கூடி பேங்க் ஆரம்பித்தார்கள். தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கியதுதான் பின்னால் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. பருத்தியும் வெல்லமும் விற்ற ஊர்களில் பேரேடும் ஐந்தொகையும் சரியாக எழுதத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊரிலிருந்து பிழைக்க வந்த நாம், ஒரு பாஸ்புக்குக்கு மச்சான் பெயரைத் தேடுவது நன்றாகவா இருக்கிறது?

இந்த ஊரில் நமக்கு நிலம் இல்லை, பலருக்கு ரேஷன் கார்டும் ஊரில்தான். நாம் இங்கே உழைத்தோம் என்பதற்கு ஒரு காகிதமாவது நம் பெயரில் இருக்கட்டும். வருகிற திங்கட்கிழமை கடையைத் திறக்க ஒரு மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை. ஆதார், பான், உத்யம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போய்விட்டு வாருங்கள்.

டிஸ்கி: இதெல்லாம் என் சொந்தக் கருத்து, எனக்குச் சம்பளம் தரும் வங்கியின் கருத்தல்ல. எந்த பேங்கில் திறக்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும், உங்களை உட்காரச் சொல்லிப் பேசுவதும் எதுவோ அதுவே நல்ல பேங்க்.